டெங்கு வைரஸும் ஒரு கமாவும்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமிலிருந்து ஒரு கமாவை அழித்துவிட்டு, சத்தியசீலன் பெங்களூருக்குப் போன் போட்டான்.

"புரோகிராம் நின்னுருச்சு. நீங்க பாத்தாத்தான் ஆகும்."

அதை எழுதியவள் ஆனிமேரி. டெங்கு வைரஸின் ஆர்.என்.ஏ. நூல் மாதிரி நீளமானது; தன்மேலேயே மடிந்து முடிச்சும் வளையமுமாகக் கிடக்கும். வைரஸ் ஊருக்கு ஊர் உருமாறினாலும் சில மடிப்புகள் மட்டும் மாறுவதில்லை. அவை எவை என்று கணித்துச் சொல்லிவிட்டால், மருந்து வைரஸை எந்த இடத்தில் தாக்க வேண்டும் என்பது பிடிபடும். அதற்கான புரோகிராம் அது.

சமயநல்லூரிலிருந்து அவனோடு ஒரே பஸ்ஸில் ஆய்வகத்துக்கு வந்து, அடுத்த மேஜையில் வேலை பார்த்தவள், பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சொல்ல நினைத்ததைச் சத்தியசீலன் கடைசிவரை சொல்லவில்லை. சும்மா கூப்பிடவும் தைரியமில்லை.

அவள் அங்கிருந்தபடியே ஆய்வகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கமாவைப் போட்டாள். பேச்சு என்னவோ பெங்களூர்ச் சாம்பாரில் வெல்லம் போடும் அநியாயம் வரை போனது. வைக்கும்போது, வேறு ஏதாவது கோளாறு என்றால் கூப்பிடச் சொன்னாள்.

மறுநாள் கோளாறு நிஜமாகவே வந்தது. வைரஸ் முழுவதுமே மாறாத மடிப்புதான் என்றது புரோகிராம். பதறிக் கூப்பிட்டான், சரிசெய்தாள். அதற்கடுத்த நாள், எந்த வைரஸிலும் மடிப்பே கிடையாது என்றது. தன் கமா விளையாட்டுதான் உள்ளே போய்ப் புரையோடிவிட்டது என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் பேராசிரியர் இம்மானுவேல் முடிவுகளை வாசிக்க வேண்டும்.

"மடிப்பே இல்லைன்னு நான் போய்ச் சொன்னா, சிரிச்சே அனுப்பிருவாங்கப்பா" என்றார்.

வேறு வழியில்லாமல், ஆய்வகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் முனீஸ்வரியிடம் போய் நின்றான். ஆனிமேரி கிளம்பிய அன்று எடுத்துவைத்த புரோகிராம் பிரதியை அவள் ஏற்றிக் கொடுத்தாள். மடிப்புகள் அழகாக வந்து விழுந்தன. பேராசிரியர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இனி ஒரு கோளாறும் வராது. அது உறைத்ததும் சத்தியசீலனுக்கு நெஞ்சு வெறிச்சோடியது. போனில் அவள் பெயர்மேல் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். இன்னொரு கமாவை எடுக்கலாம்தான். பேராசிரியர் முகம் வந்து நின்றது. காரணமே இல்லாமல் கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

முனீஸ்வரி தன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்தாள்.

"அண்ணே, ஆனிமேரி அக்கா லைன்ல இருக்கு. எம்புட்டுப் பாடுபட்டு அதைக் கெடுத்து வச்சேன், எந்தப் பாவி சரி பண்ணுனதுன்னு கேக்குது."