ஓடுகிற இன்டர்நெட்டைச் சரிசெய்பவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டால் கை அரிக்கிற ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒழுகாத குழாயை இறுக்குவார்கள், சத்தம் போடாத மின்விசிறிக்கு எண்ணெய் விடுவார்கள், ஒழுங்காக மூடுகிற கதவைக் கழற்றி இழைத்து மாட்டி, அதற்குப் பிறகு அது மூடாமல் நிற்பதை மரத்தின் குணம் என்பார்கள். இதெல்லாம் கீழ்ப்படி. உச்சிப்படியில் நிற்பவர் வீட்டு இன்டர்நெட்டைச் சரிசெய்பவர். அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நின்றுபோனதைச் சரிசெய்ய என்ன இருக்கிறது? கம்பெனிக்குப் போன் போட்டால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். ஓடுகிறதைச் சரிசெய்யத்தான் ஞானம் வேண்டும்.

அடையாளம் காண்பது சுலபம். ஒருவர் வீட்டுக்குப் போனால், கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே, "உங்களுக்கு ஸ்பீடு எவ்வளவு வருது?" என்பார். அவர் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். திறந்தால் இறந்துபோன பத்துப் போன்களின் சார்ஜர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடக்கும். "பத்தே நிமிஷம்" என்று ஆரம்பிப்பார். எந்தப் பத்து என்று அவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாது. ஊரார் தாடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, எதற்குள்ளும் ஒரு சொத்தை ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கை அவருக்குள் முளைத்திருந்தது. மூன்று வாரமாக வீடியோ பார்த்து, தன் வீட்டுச் சொத்தையையும் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போன மோடம்தான் அது.

"அது வாடகை வீட்டுப் பூட்டு மாதிரி. ஒரு சாவி அவன்கிட்டயும் இருக்கும்" என்றார் மனைவியிடம்.

"இருந்துட்டுப் போகட்டும். நம்ம வீட்ல எடுத்துட்டுப் போக என்ன இருக்கு?"

"நம்ம போட்டோ எல்லாம் இருக்கே."

"போன வருஷம் எடுத்த குடும்பப் போட்டோவா? அதை எவனாவது எடுத்துட்டுப் போனா நல்லதுதாங்க."

விட்டாரா? தீப்பெட்டிக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி வந்து இறங்கியது. அதற்குப் பெயர் ஃபயர்வால் ரூட்டர். இனி மோடம் வெறும் குழாய், லைனை உள்ளே கொண்டுவந்து விடுவதோடு அதன் உத்தியோகம் முடிந்தது. யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்பதைக் கறுப்புப் பெட்டி பார்த்துக்கொள்ளும். கேட்பதற்கு என்ன அழகாக இருக்கிறது பாருங்கள்.

ஆனால் நாள் பார்த்தாரே, அங்கேதான் இனத்தின் முத்திரை. சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷமாகப் போனில் பேசிப் பேசியே தொண்டை தேய்ந்த அவர் மனைவிக்கு, அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்றில் பிரிவுத் தலைவி வேலைக்கு இன்டர்வியூ. சனிக்கிழமை பதினோரு மணிக்கு, லேப்டாப்பில். இவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் காலை ஒன்பதரைக்கு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அவள் வாழ்க்கையின் முக்கியமான பேச்சு ஒரு பாதுகாப்பான லைனில் நடக்க வேண்டாமா? இந்த இனம் செய்கிற நாசம் எல்லாம் அன்பில்தான் ஆரம்பிக்கும்.

முதலில் மோடத்தை எடுப்பாக இருக்கட்டும் என்று சுவரில் நான்கு ஆணி அடித்து, ஆட்டினாலும் அசையாதபடி மாட்டினார். பிறகு லேப்டாப்பில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, அதைக் குழாய் வேலைக்கு இறக்கினார். வைஃபை அணைந்தது. கறுப்புப் பெட்டியைச் சொருகினார். அது பச்சை விளக்கைச் சிமிட்டி, இத்தனை நாள் மோடம் தன் வயிற்றுக்குள் வைத்திருந்த இன்டர்நெட் கம்பெனி பாஸ்வேர்டைக் கேட்டது.

பாஸ்வேர்ட்?

தலை துவட்டிக்கொண்டே மனைவி எட்டிப் பார்த்தபோது மணி பத்து இருபது.

"என்னங்க, நெட் இல்லையே?"

"இருக்கு. உள்ள வர வழியைத்தான் கேட்குது."

"பழைய மாதிரி மாத்திடுங்க."

"இப்ப அதுக்கும் அந்த பாஸ்வேர்ட் வேணும்மா. மோடம் அதை மறந்துடுச்சு."

கம்பெனிக்குப் போன் போட்டார். இருபது நிமிஷம் புல்லாங்குழல் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல் வந்து, பாஸ்வேர்டை எங்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம் சார் என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனது. மனைவி தன் போனில் நெட் போட்டுப் பார்த்தாள். கீழ்த்தளத்தில் இருக்கும் அவர்கள் வீட்டில் சிக்னல் என்பது சமையலறை ஜன்னலை ஒட்டி மட்டும், அதுவும் ஒரு கோடு. கம்பெனி இணையதளம் திறக்கவே இல்லை; சோதித்துப் பார்க்க வீடியோ போட்டால் அவள் முகம் திரையில் வாய் பிளந்தபடி அப்படியே உறைந்து நின்றது. பத்து ஐம்பது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேறியிருப்பார். அவள் லேப்டாப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டு மாடியில் குடியிருக்கும் அவர் தங்கை வீட்டுக்கு ஏறினாள். அந்த ஒவ்வொரு படியும் அவர் நெஞ்சில் ஏறியது.

மேலே தங்கையின் குரல் கேட்டது: "வாங்க அண்ணி, இங்க நல்லாவே வருது. அண்ணன் கைக்கு எட்டாம இருக்கட்டும்னுதான் பொட்டியைப் பரண்ல வச்சிருக்கேன்."

அவர் தரையில் உட்கார்ந்தார். கம்பெனிக்காரன் மோடம் வைத்த அன்றைக்கு ஒரு சீட்டில் ஏதோ எழுதினானே, எங்கே ஒட்டினான்? மோடத்தின் முதுகில். ஊரார் தாடை எலும்பைத் தாண்டிப் பார்க்கிற மனிதருக்குத் தன் சுவரில் தானே அறைந்த பெட்டியைத் தாண்டிப் பார்க்க முடியவில்லை. நான்கு ஆணிகளையும் பிடுங்கினார். அரைச் சுவர் கூடவே வந்தது. பதினொன்று நாற்பதுக்குக் கறுப்புப் பெட்டி நீல விளக்கை ஏற்றி நின்றபோது, சுண்ணாம்புத் தலையோடு எழுந்து நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார். பாராட்ட ஆளில்லை.

பன்னிரண்டு மணிக்கு மனைவி இறங்கி வந்தாள். வாசலிலேயே மறித்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒரு கேள்வி கேட்டாங்க. திடீர்னு எல்லாமே நின்னுபோனா எப்படிச் சமாளிப்பீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகுதுன்னேன். இன்னைக்குக் காலையில நடந்ததையும் சொன்னேன். சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு அவங்களுக்கு."

"அப்புறம்?"

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்க."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்படின்னா இதுல என் பங்கும் ஒருவகையில..."

"ஒருவகையில" என்றாள், அவர் தலையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டபடி.

அத்தோடு திருந்தினாரா? அன்று சாயங்காலமே மாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவம், தங்கச்சி வீட்டுப் பொட்டி ஒரு பாதுகாப்பும் இல்லாம கிடக்கு." மேலே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சந்தோஷம். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். மோடத்தை மாற்றுவதற்கு முன்பே சீட்டைப் போட்டோ எடுத்திருக்க வேண்டாமா, சுவரில் மாட்டியதே தப்பு, நானாக இருந்தால் அதை வேறு மாதிரி அல்லவா இணைத்திருப்பேன் என்று, படிக்கப் படிக்க உங்களுக்குள் ஒரு குரல் அவரைத் திருத்திக்கொண்டே வந்ததா?

வந்தது என்றால், உங்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்களிடம் நான் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்.