முதல் வாய் பீட்ரூட்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மகளும் பேத்தியும் சுகம். நான் சுகமா என்பதை வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் சொல்ல முடியும். போனில் பேசினால் உங்கள் மகள் காதில் விழும் என்பதால் கடிதம்.

பாப்பாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்த டாக்டர், ரத்தம் கம்மி என்றார். சோறும் சர்க்கரையும் தவிர எதையும் அவள் உள்ளே விடுவதில்லை. "காய், கீரை, பருப்பு உள்ள போகணும். பெரியவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக் காட்டினா புள்ளைங்களும் சாப்பிடும்" என்றார். நல்லவேளை, அவள் பகலில் போகும் குழந்தைகள் காப்பகத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சத்துணவு அம்மா வந்து பாடம் நடத்துகிறார். என்ன பிரயோசனம், அவர் கேரட்டைத் தூக்கிக் காட்டும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார் மூவரும் பின்னறையில் டீ குடிக்கிறார்கள். இந்த வாரமும் அவர்கள் வந்து உட்காராவிட்டால் வகுப்பையே நிறுத்திவிடுவார்களாம். இதைப் பேசத்தான் பெற்றோர் கூட்டம். "அவர்களிடம் பக்குவமாகப் பேசி அழைத்து வர யார் தயார்?" என்று நிர்வாகி அம்மா கேட்ட அதே நேரம் பார்த்து அவர் தலைக்கு மேல் ஃபேன் ஆட்டம் கண்டது. நான் ஃபேன் ரிப்பேர்காரன் ஆயிற்றே, போல்ட் லூஸ் என்று காட்டக் கையைத் தூக்கினேன். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். அதன் பிறகு போல்ட்டைப் பற்றி எப்படிப் பேசுவது?

மாமா, எனக்குக் கரண்ட் என்றால் பயமில்லை. அந்த அக்காமார் என்றால் பயம். நான் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லி, அந்தக் கோபம் பாப்பா தலையில் விடிந்தால்? பகல் முழுக்க அவள் அவர்கள் கையில்தானே. வெறுங்கையோடு போகக்கூடாது என்று வறுவல் பாக்கெட்டும் கிரீம் பிஸ்கட்டும் கலர் சோடாவும் வாங்கிக்கொண்டு போனேன். சத்துணவு வகுப்புக்கு ஆள் கூப்பிடப் போகிறவன் கையில் இதெல்லாம் என்ன என்று எனக்கு உறைக்கவே இல்லை. முதல் பாக்கெட்டைப் பிரித்த சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் மொத்தமும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டன. பின்னாலேயே சமையல்கார அக்கா, கையில் கரண்டியோடு.

மூவரில் மூத்தவரான பெரியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், காய் தின்ன வைக்கிற பாடத்துக்குக் கிரீம் பிஸ்கட் குடுத்து ஆள் சேக்குறீங்களா?"

"இல்லக்கா, ஒரு அன்புக்காக..."

"அன்பு இருக்கட்டும். வீட்ல நீங்க காய் சாப்பிடுவீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள். "எங்கப்பா காயெல்லாம் தட்டு ஓரத்துல ஒதுக்கிடுவாங்க. அம்மா பாக்காதப்ப குப்பையில போட்டுடுவாங்க."

"அப்படிச் சொல்லு. புள்ள யாரைப் பாத்துக் கத்துக்கிச்சுன்னு இப்பத்தானே தெரியுது" என்ற பெரியக்கா அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை நாங்க உக்காருறோம். நீங்களும் வந்து உக்காரணும். பீட்ரூட். முதல் வாய் உங்களுது. மூஞ்சி மட்டும் சுளிச்சீங்க, அத்தனை புள்ளைங்களும் துப்பிடும். சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று முகத்தை நேராக வைத்துப் பழகுகிறேன். பீட்ரூட் என்று நினைத்தாலே மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகிறது. உங்கள் மகளோ, "அது உங்களைக் கடிக்காது, நீங்கதான் அதைக் கடிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். என்னால் பாப்பா துப்பி, வகுப்பும் நின்று, அவள் இமை வெளுத்தபடியே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை மாமா.

ஆகவே வியாழக்கிழமை உங்கள் மகளுக்குப் போன் பண்ணி, உங்களுக்கு உடம்பு லேசாகச் சரியில்லை, மருமகன் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் பதில் உங்கள் மகள் போய் உட்காருவாள். அவள் பீட்ரூட்டைப் பச்சையாகவே தின்கிறவள். 'லேசாக' என்பது முக்கியம்; பெரிதாகச் சொன்னால் அவளும் கிளம்பிவிடுவாள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் என் தலைமேலும், முடிந்தால் நாக்கின் மேலும் இருக்கட்டும்.

பணிவும் பயமும் குறையாத,
உங்கள் மருமகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. உங்களுக்கு உடம்பு நன்றாகவே இருக்கட்டும் மாமா. முழங்கால் காதைத் தொட, குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்காமாரும் சொன்னபடி வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்தேன். பழகின முகம் எங்கே போனதோ, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். போச்சு என்று நினைத்தபோது, பாப்பா என் தட்டுக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து மென்று, "எங்கப்பாவுக்குத்தான் பயம். எனக்கு இல்ல" என்றாள். அவ்வளவுதான், "எனக்கும் இல்ல", "எனக்கும் இல்ல" என்று ஆளாளுக்குத் தட்டைக் காலி பண்ணினார்கள். வகுப்பு நிற்காது என்று சத்துணவு அம்மா சொல்லிவிட்டார். பெரியக்கா வாசல் வரை வந்தார். "சார், இனிமே ஒவ்வொரு வாரமும் வந்துடுங்க. ஆனா தைரியம் கீரியம் வரவழைச்சுக்காதீங்க. இதே மாதிரி பயந்துக்கிட்டே சாப்பிடுங்க, புள்ளைங்க நல்லா சாப்பிடுதுங்க" என்றார். அடுத்த வாரம் பாகற்காயாம். நடிக்க வேண்டியிருக்காது.