பொன்னாடைக்கு மயங்கிய லாக்டோமீட்டர் அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், லாக்டோமீட்டர் அண்ணாச்சியை மட்டும் ஏமாற்ற முடியாது என்று பல வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏமாற்றிவிட்டார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் காது மடல் சுடுகிறது.

கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் குடியேறிய பால்காரர். நாலு பசு, ஒரு பழைய ஸ்கூட்டர், ரோசம்மாள் என்று ஒரு மனைவி. இவ்வளவுதான் சொத்து. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஒரு லாக்டோமீட்டர் வைத்திருப்பார். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் கண்ணாடிக் குழல் அது. டீக்கடைக்குப் போனால் முதலில் பாலில் அதை மிதக்கவிட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் டீ சொல்வார். இந்த மரியாதையின் காரணமாக நகரத்தில் பல டீக்கடைகளில் அவருக்கு அனுமதி கிடையாது. ஒரு கல்யாணத்தில் பாயசத்துக்குள்ளேயே விட்டுவிட்டார். சேமியாவுக்கு நடுவில் அது ஆணி அடித்த மாதிரி நின்றது. "சரியில்லை" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு எழுந்து போனார். சமையல்காரர் கரண்டியோடு வாசல்வரை துரத்தினார்.

அடுத்தவர் பால்மேல் அவருக்கு இருந்த சந்தேகம், தன் பாலைப் பற்றிய பெருமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஈரமான பாத்திரத்தில் அவர் பால் ஊற்ற மாட்டார். அதிலிருக்கும் நாலு சொட்டுத் தண்ணீரும் தன் கணக்கில் ஏறிவிடுமாம். "துடைச்சுட்டு வாங்க டீச்சரே" என்பார். நான் முப்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்தவள். அந்த மனுஷன் முன்னால் புடவைத் தலைப்பால் செம்பைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறைக்கு இருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார்.

அப்புறம் அந்த வறட்சி வந்தது. ஜூனில் கொட்டவேண்டிய இடவப்பாதி மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனது, ஐப்பசியில் வரவேண்டிய துலாமாச மழை எட்டியே பார்க்கவில்லை. கேரளத்தில் புல் காயும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். காய்ந்தது. குழாயில் காற்றுதான் வந்தது. பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் எல்லார் வீட்டுச் செம்பும் காய்ந்தே கிடந்ததில் அண்ணாச்சி ஒருவருக்குத்தான் திருப்தி. ஆனால் மாடுகளுக்கு எலும்பு தெரிய ஆரம்பித்தது. வைக்கோல் விலை தங்க விலை ஆயிற்று. தரகர்கள் தொழுவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இறைச்சிக்குத்தான் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். விற்க மாட்டேன் என்று விரட்டினார். சாராள் என்ற சிவப்புப் பசு அப்போது சினையாக இருந்தது. தான் குடிக்கிற தண்ணீரில் பாதியை அண்ணாச்சி அதற்கு வைத்தார்.

இந்த நிலைமையில்தான் அந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். இருவரும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்கள். ஒருவன் மலையாளம் பேசுவான், இன்னொருவன் தமிழ் பேசுவான். மலைமேல் பச்சைப்பசேல் என்று ஒரு பண்ணை இருக்கிறதாம். மழை வரும்வரை மாடுகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். காசு வேண்டாமாம், அதுவரை கறக்கிற பால் மட்டும் அவர்களுக்காம். ஆனால் எல்லாருடைய மாட்டையும் எடுக்க மாட்டார்களாம். கலப்படம் செய்யாத பால்காரரின் மாடு மட்டும்தானாம்.

அயோக்கியர்களின் மூளையைப் பாருங்கள். முதலில் நாலு வீடு தள்ளியிருந்த இன்னொரு பால்காரரிடம் போனார்கள். அவர் பாலைச் சோதித்து, தெருவே கேட்கும்படி "தண்ணீர்" என்றார்கள். பிறகு அண்ணாச்சியிடம் வந்தார்கள். அவருடைய லாக்டோமீட்டரையே பணிவாகக் கேட்டு வாங்கி, பாலில் விட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு பாலைப் பார்த்ததே இல்லை என்றார்கள். வாழ்நாளெல்லாம் ஊருக்கு மார்க் போட்ட மனுஷனுக்கு முதல்முறையாக ஒருத்தன் மார்க் போட்டான், அதுவும் நூற்றுக்கு நூறு. மறுநாள் தொழுவத்து வாசலில் நாற்காலி போட்டு, அவரை உட்காரவைத்து, ஜரிகைப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்தார்கள்.

ரோசம்மாள் கடைசிவரை மறுத்துப் பார்த்தாள். "ஊரு பேரு தெரியாதவனுவ கையில சினை மாட்டைக் குடுக்கதா?" என்று கேட்டாள்.

"நம்ம பாலைப் பாத்து சொன்னவங்க, அவங்களையா சந்தேகப்படுதே?" என்றார் அண்ணாச்சி. பொன்னாடையைக் கழற்றாமலே சொன்னார்.

லாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு சிபாரிசு சொன்னார். இதற்கு நீலச் சட்டை ஆகாது, அதைத் தடவிக்கொடுத்தால்தான் பால் விடும், சாராளைப் படுத்த இடத்திலிருந்து அதட்டி எழுப்பக் கூடாது. அந்தத் தமிழ் பேசுகிற பாவி அதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அதன் பிறகு தினமும் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. மாடுகள் புல்வெளியில் நிற்கும், மேகத்துக்குக் கீழே நிற்கும், ஓடைக்கரையில் நிற்கும். ஊற்றப் பால் இல்லாவிட்டாலும் அண்ணாச்சி வீடு வீடாக வந்து அதைக் காட்டிவிட்டுப் போனார். நாங்களும் வாயைப் பிளந்து பார்த்தோம். ரோசம்மாள் மட்டும் சாராளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனை அவர் கையிலிருந்து வாங்கிப் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"மாசம் ஒண்ணு ஆச்சு. வயிறு அன்னைக்கு நின்ன மாதிரியே நிக்கி," என்றாள்.

எல்லாம் ஒரே நாளில் எடுத்த படம். பின்னால் புல்லையும் ஓடையையும் மட்டும் மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள் நம்பருக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். அண்ணாச்சியோடு நானும் பஸ் ஏறிப் பண்ணை முகவரியைத் தேடிப் போனேன். அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பொன்னாடைப் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு கொடுத்திருக்கிறீர்களே என்று கேட்டார்கள். நான் ஒரு வாத்தியாரம்மாவுக்குத் தகாத வார்த்தை ஒன்று சொன்னேன். அண்ணாச்சி என்னைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

திருடர்கள் மேல் இருக்கிற கோபம் ஒரு பக்கம். எங்கள் தெருக்காரர்கள் மேல் இருக்கிற கோபத்தை நான் எங்கே போய்ச் சொல்ல? இருபது வருஷம் அவர் கையால் கலப்படமில்லாத பால் குடித்து வளர்ந்த உடம்புகள் சிரித்தன. எங்களைச் சந்தேகப்பட்டானே, அவனுக்கு வேண்டும் என்றார் ஒரு பெரிய மனிதர். தெரு வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பொன்னாடைப் படத்தை ஸ்டிக்கராகச் செய்து யாரோ போட்டார்கள். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வேறு. நான் நாலு வரி திட்டி எழுதிவிட்டு அந்தக் குழுவிலிருந்து வெளியேறினேன். என்னைத் திரும்பச் சேர்க்க வந்த எல்லாருக்கும் வாய்மொழியாகவும் கிடைத்தது.

அண்ணாச்சி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் கரமனைப் பாலத்தில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. லாட்டரிச் சீட்டு விளம்பரமாக்கும் என்று ஒதுங்கினேன். உள்ளே மைக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பொன்னாடை.

"மாடு வளக்கிற மக்களே, நான் கரமனைப் பால்காரன். எனக்க பாலு நல்ல பாலுன்னு ரெண்டு பேரு புகழ்ந்தானுவ. அதுல மயங்கி நாலு மாட்டை நானே ஏத்தி விட்டேன். இந்த மாதிரி பொன்னாடையோட ஆரும் வந்தா மாட்டைக் குடுத்துராதுங்க."

இதையே மலையாளத்திலும் சொன்னார். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அதற்கு உள்ளே காய்ந்துகிடந்த கிராமங்கள் எல்லாவற்றிலும் போய்ச் சொன்னார். பையன்கள் ஆட்டோவுக்குப் பின்னால் கூவிக்கொண்டு ஓடினார்கள். ஊரில் ஒருவர் முன்னாலும் தலை குனியாத மனுஷன், தான் ஏமாந்த கதையைத் தெருத்தெருவாகக் கூவி விற்றார். வெட்கமாக இல்லையா அண்ணாச்சி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மானம் போனா போட்டும் டீச்சரே. இன்னொருத்தன் மாடு போவக் கூடாதுல்லா," என்றார்.

நெய்யாற்றின்கரைக்கு உள்ளே ஒரு வீட்டு முற்றத்தில் அந்த இரண்டு பேரும் நாற்காலி போட்டு, புதுப் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மைக் சத்தம் அந்தச் சந்துக்குள் வந்திருக்கிறது. வெள்ளைக் கோட்டுகள் இரண்டும் வேலி தாண்டி ஓடின. அந்த வீட்டுப் பெண்கள் விளக்குமாற்றோடு பிடித்து நிறுத்தினார்களாம். நான் அங்கே இல்லாமல் போனேனே என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை உண்டு.

மூன்று மாடுகள் போனது போனதுதான். எங்கே போயின என்று கேட்க வேண்டாம் என்று அண்ணாச்சி போலீஸிடமே சொல்லிவிட்டார். சாராள் மட்டும் எல்லை தாண்டி ஒரு தரகர் தொழுவத்தில் கிடைத்தது. கன்று போட்டு, தோலும் எலும்புமாக நின்றது. இவர் குரலைக் கேட்டதும் அது கத்திய கத்தலை ரோசம்மாள் என்னிடம் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மழை வந்து புல் முளைத்த பிறகு அண்ணாச்சி மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தார். கன்று குடித்தது போகக் கிடைப்பது கொஞ்சம்தான். அது அரைச் செம்புகூட நிறையாது. அதைத் தினமும் எனக்கே கொண்டுவருகிறார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போன மாதம் டாக்டர் எனக்குப் பாலை அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார். மகளுக்குச் சொன்னேன், மாப்பிள்ளைக்குச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்கும் சொன்னேன். அண்ணாச்சியிடம் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.