இரண்டு கட்சி, ஒரு வயிறு

நடுநிலைமை என்பது வாயால் பேசும்வரை சுகமான சமாசாரம். அதை வயிற்றால் அனுஷ்டிக்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

அப்போது மலையாள தேசத்தில் மகாராஜா காலம். எனக்கு முப்பது வயது. வக்கீல் தொழில். (கோட்டு, தலைப்பாகை, வாய் எல்லாம் இருந்தன, கேஸ்தான் வரவில்லை.) வலியசாலையில் எங்கள் தெருவில் இரண்டு கட்சிகள். கிழக்குக் கோடிக்குத் தலைவர் பென்ஷன் வாங்கும் தாசில்தார் நாணா ஐயர். மேற்குக் கோடிக்கு, பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருந்த கிட்டு ஐயர். இவர் கோயிலுக்குள் நுழைந்தால் அவர் வெளியே வருவார். நகரசபைத் தேர்தலில் ஒருவர் ஆளை மற்றவர் ஜெயிக்க விடவில்லை. விரோதியாகக்கூட யாரும் மதிக்காத நான் மெம்பராகிவிட்டேன். அது என் யோக்கியதைக்குக் கிடைத்த வெற்றி என்று நான் நினைத்துக்கொண்டதுதான் கூத்து. "எனக்குக் கட்சி கிடையாது, பொதுச்சேவைதான் கட்சி" என்று வெற்றிலைக் கடைக்காரனைக்கூட விடாமல் பிடித்து நிறுத்திப் பிரசங்கம் செய்வேன்.

அந்தக் கோடையில் தெருக் கிணறு வற்றிப்போயிற்று. என் மனைவி பார்வதி அடுத்த தெருவிலிருந்து இடுப்பொடியத் தண்ணீர் சுமந்தாள். நகரசபை கையில் ஒரே ஒரு தெருக்குழாய்தான் பாக்கி இருந்தது. கிழக்கும் மேற்கும் ஒன்றாக வந்து கேட்டால் வலியசாலைக்கு, இல்லாவிட்டால் பக்கத்துக் கரமனைக்கு என்று பிரசிடென்ட் பிள்ளை தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"கொழாய் கரமனைக்குப் போச்சோ, நானும் பெட்டியைத் தூக்கிண்டு எங்க அப்பாவாத்துக்குப் போயிடுவேன், கேட்டேளா?" என்றாள் பார்வதி. விளையாட்டாகச் சொல்லவில்லை. பெட்டியைத் துடைத்து வைத்திருந்தாள்.

இரண்டு தலைவர்களின் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினேன். இருவரும் வருவதாகச் சொன்னார்கள், ஆனால் ஆளுக்கொரு நிபந்தனை. பிரசிடென்ட் பங்களாவுக்குப் புறப்படும் அன்று மத்தியானம் நான் அவரவர் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். நான் யார் பக்கம் என்று தெரு பார்க்க வேண்டுமாம். ஒரு வீட்டில் இலையைத் தட்டினால் அந்த வீட்டுக்காரர் வரமாட்டார்.

"ரெண்டு எடத்துலயும் மோர் மட்டும் குடிச்சிட்டு வாங்கோ" என்றாள் பார்வதி.

"பொதுச்சேவைன்னா தியாகம் வேணும்டி" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். (என்ன திமிர் பாருங்கள்!)

முதல் பந்தி நாணா ஐயர் வீட்டில். எரிசேரி, ஓலன், காளன் என்று கறி ஒன்றையும் விடவில்லை. நான் அளவாகக் கொறித்தேன். பிறகு போளி வந்தது. எங்கள் ஊரில் போளியை இலையில் போட்டு, அதன் தலையில் பால் பாயசத்தை ஊற்றி, பிசைந்து சாப்பிட வேண்டும். ஒன்று சாப்பிட்டாலே உடம்பு சாய்வு நாற்காலி தேடும். நாணா ஐயர் தாமே பரிமாறி நாலு போட்டார். "மதி மாமா, போதும்!" என்று இலைமேல் கவிழ்ந்தேன். "மெம்பருக்கு என்ன வெக்கம்?" என்று என் கையை ஒதுக்கிவிட்டு ஊற்றினார்.

கிட்டு ஐயர் வீட்டு வாசலை மிதிக்கும்போதே அவருக்குச் செய்தி போயிருந்தது.

"கெழக்கே நாலு போளியாமே? இங்கே அஞ்சு."

"மாமா, நடுநிலைன்னா நாலுக்கு நாலுதானே?"

"அவருக்குச் சமமா இருக்கிறதுக்கு எனக்கு எதுக்குடா அம்பி தனிக் கட்சி?"

சாப்பிட்டேன். ஐந்தாவதை விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. "பாயசம் அத்தனை நன்னாயிருக்கு போலிருக்கு" என்று மாமி பூரித்துப் போனாள்.

தெருவில் இறங்கினால் நாணா ஐயர் கையில் வாழை இலைத் துண்டோடு நிற்கிறார். அதில் ஒரு போளி. "அங்கே அஞ்சுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒண்ணு கொறையறது" என்றார். நடுத்தெருவில் நின்றுகொண்டே அதையும் தின்றேன். இல்லாவிட்டால் அவர் வண்டி ஏறமாட்டார், பார்வதி ஏறிவிடுவாள்.

ஒரே குதிரை வண்டியில் நான் நடுவில், அவர்கள் இருபுறமும். மூச்சு விடக்கூட இடமில்லை, உள்ளேயும் வெளியேயும். பிரசிடென்ட் பங்களா வராந்தாவில் ஜில்லென்று காற்று. எழுந்து நின்று, மனப்பாடம் செய்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன்: "நான் கிழக்கும் அல்ல, மேற்கும் அல்ல..." அடுத்து வந்தது ஏப்பம். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் தொடரலாம் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மிச்சத்தை இரு தலைவர்களும் தனித்தனியாக, ஆனால் ஒரே மாதிரி சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். என் குறட்டையில் பங்களா நாய் குரைத்ததாம். "ஸ்வாமிக்கு எந்து பற்றி?" என்று, எனக்கு என்ன ஆயிற்றோ என்று மலையாளத்தில் பதறினாராம் பிரசிடென்ட். "நீர்தான் ஓய் அஞ்சு போட்டீர்!" என்று நாணா ஐயர் பாய, "நீர் தெருவுல நிக்க வச்சுத் திணிச்சீரே, அது?" என்று கிட்டு ஐயர் பாய, கதை முழுதும் வெளியே வந்துவிட்டது. பிரசிடென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "ரெண்டு பேரும் சேர்ந்து இந்த ஸ்வாமியைத் தூக்கி வண்டியில ஏத்துங்கோ. ஏத்தினா கொழாய் உங்களுக்கு" என்றாராம்.

தூக்கினார்கள். நாணா ஐயர் தலைமாடு, கிட்டு ஐயர் கால்மாடு. குழாயைத் தெருவில் எங்கே நிறுத்துவது என்று பிரசிடென்ட் கேட்டபோது, எதிராளி வாசலுக்குப் போய்விடுமே என்ற பயத்தில் இருவரும் ஒரே குரலில், "இவனாத்து வாசல்லயே போடுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள்.

பார்வதிக்கு வாசலிலேயே தண்ணீர். பெட்டி பரணுக்குப் போயிற்று. ஆனால் விடிந்தால் கிழக்குக் குடமும் மேற்குக் குடமும் எங்கள் வாசலில் மோதிக்கொள்ளும், பஞ்சாயத்துக்கு என்னை எழுப்புவார்கள். அதற்குப் பிறகு நான் எந்தத் தேர்தலுக்கும் நிற்கவில்லை. படுத்த மெம்பருக்கு எவன் ஓட்டுப் போடுவான்?

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து பகல் தூக்கத்துக்குப் பெயர் பொதுச்சேவை. போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலிலேயே அவள் உதட்டில் விரலை வைத்து, "மெதுவாப் பேசுங்கோ அப்பா, அவர் பொதுச்சேவையில இருக்கார்" என்றாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"மாப்பிள்ளை சமர்த்து. ஆத்துக்குள்ளேயே பண்றார்" என்றாள் பார்வதி. "தூக்கிண்டு வர ரெண்டு பேர் வேண்டாம் பாரு."