எதிரணி இல்லாத அரங்கம்

நெடுவெளி நாட்டில் மழை பொய்த்தாலும் கால்பந்தாட்டம் பொய்த்ததில்லை. தெருவுக்கு ஓர் அணி இருந்தது. ஊர் நடுவே கிடந்த பொட்டல்தான் எல்லோருக்கும் மைதானம். உப்பளத்தில் கூலி வேலை செய்த அரியநாச்சி, கீழத்தெரு அணியின் கோல்கீப்பர்.

அண்டை நாட்டு அரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மன்னர் பெருங்கீர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே ஆணை பிறந்தது: பொட்டலில் மாபெரும் அரங்கம் எழும், அதில் மன்னரின் அணி ஆடும், பெருமை பொதுவானது என்பதால் செலவும் பொதுவானதே.

உப்புக்கு வரி வந்தது. தெருக்களுக்கென வாங்கிய குடிநீர்க் குழாய்கள் அரங்கத்துப் புல்லுக்குப் போயின. தெருவில் பந்து உதைப்பது அரங்கத்தின் மாண்பைக் குலைக்கும் என்று இன்னோர் ஆணை அதையும் தடுத்தது. பறிமுதலான பந்துகள் அரசுக் கிடங்கில் காற்றிறங்கிக் கிடந்தன. அணிகள் கலைந்தன. அரியநாச்சி தன் கையுறையை அடுப்பிலிருந்து சட்டி இறக்க வைத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில்தான் ஒரு சங்கடம் தெரிந்தது. மன்னரின் அணியோடு மோத நாட்டில் வேறு அணியே இல்லை. விளையாட்டு அமைச்சர் மங்கலமூர்த்தி கீழத்தெருவுக்குப் பல்லக்கில் வந்து இறங்கினார்.

“அம்மணி, தேசத்தின் கௌரவம் உங்கள் அணியின் தோல்வியை எதிர்பார்த்து நிற்கிறது.”

“தோத்துட்டுப் போறோம். ஆனா பழகணுமில்ல? எங்க பழகுறது? அந்த அரங்கம் யாரோடதுங்கய்யா?”

“மக்களுடையது. ஆணையிலேயே இருக்கிறதே!”

“அப்ப சாவியக் குடுங்க. புல்லுக்குப் போற தண்ணியில பாதி தெருவுக்கு வரட்டும். புடிச்ச பந்தெல்லாம் வேணும். இல்லேன்னா உங்காளுங்க தனியாவே ஆடி ஜெயிச்சுக்கட்டும்.”

அதற்குள் தெரு முழுவதும் வாசலுக்கு வந்து நின்றது. அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

விழாவில் கீழத்தெரு ஒன்பது கோல் வாங்கித் தோற்றது. ஆனால் கடைசிப் பெனால்டியை அரியநாச்சி பாய்ந்து பிடித்தபோது அரங்கம் அதிர்ந்தது. மன்னரும் எழுந்து கைதட்டிவிட்டார். யாருக்குத் தட்டினோம் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அமைச்சர் சாவியைத் திரும்பக் கேட்டார்.

“தாராளமா எடுத்துக்கோங்கய்யா. அதப் பாத்துத் தெருவுக்கு ஒரு சாவி செஞ்சு குடுத்தாச்சு” என்றாள் அரியநாச்சி. மைதானத்தில் மேலத்தெருப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அமைச்சரவை மூன்று நாள் கூடி, அரங்கத்தை மக்களுக்குத் திறந்துவிடுவதே மன்னரின் ஆதித் திட்டம் என்று அறிவித்தது. யாரும் மறுக்கவில்லை. அவரவர்க்கு ஆட்டம் இருந்தது.

அடுத்த மாதம் முரசறைவோன் வந்தான். “மக்களுக்காக ஒரு மாமண்டபம்—”

“சாவி எத்தனை?” என்றது கூட்டம்.

அவன் ஓலையை முன்னும் பின்னும் புரட்டினான். சாவியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

“கேட்டுட்டு வாப்பா” என்றாள் அரியநாச்சி. “வர்ற வரைக்கும் நாங்க இங்கயேதான் நிப்போம்.”