சிங்கப்பூர் இன்னும் மூழ்கவில்லை என்று ஈப்போ மாமாவுக்கு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

முதலில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஓர் அறிவிப்பு. எங்கள் உணவங்காடி நிலையத்தில், அம்மா கடைக்கு எதிர் மேசையில், இன்று காலை ஒரு டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கப்பட்டது. பல மாதமாக ஈ மட்டுமே அமர்ந்த மேசை அது. வைத்தவர் பெயர் பாதுகாப்புக் கருதி வெளியிடப்படவில்லை. தாங்கள் எழுந்து நின்று கைதட்டலாம்.

தாங்கள் நலமா, அத்தை நலமா, தங்கள் முழங்கால் வலி நலமா? இங்கே அம்மா நலம், நான் நலம், நாட்டுப் பொருளாதாரமும் என் தயவில் நலம்.

"சிங்கப்பூர் கதை முடிஞ்சுபோச்சு, கடையை மூடிட்டு வந்து என் பிஸ்கட் கடையைப் பாத்துக்க" என்று தாங்கள் அம்மாவுக்கு எழுதினாலும் எழுதினீர்கள், அம்மா அரிசிமாவு முள்ளங்கி கேக் வறுக்கிற சட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத் தேய்ச்சு வை, சனிக்கிழமை இதுக்கு விலை பேச ஆள் வருது" என்றார். எல்லை தாண்டி அந்த ஈப்போவில் எனக்கு யாரைத் தெரியும், தங்களைத் தவிர? அதுதானே பயமே.

அடுத்த ஆண்டு வளர்ச்சி சற்று மந்தம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். அவர்கள் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் மக்களைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும்: வரிசையைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும், எதற்கென்று வாய் பிறகுதான் கேட்கும். ஆகவே சனிக்கிழமையான இன்று காலை, அம்மா உள்ளே முட்டை உடைத்துக்கொண்டிருந்த நேரம், நானும் என் நண்பன் ஃபிர்தவுஸும் அவன் காற்பந்துக் குழுவும் கடைமுன் வரிசை கட்டினோம். எங்கள் சட்டியில் பன்றிக்கொழுப்பு என்பதால் ஃபிர்தவுஸ் சாப்பிடமாட்டான். நிற்பதற்கு எந்த மதத்திலும் தடையில்லையே!

வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற டோ அங்கிள்தான் முதலில் வலையில் விழுந்தார்.

"தம்பி, இங்க என்னா லா குடுக்கறாங்க?"

"தெரியல அங்கிள். ஆனா சீக்கிரம் முடிஞ்சுடுமாம்."

"அய்யோ! இரு, வீட்டுக்காரிக்குப் போன் போடறேன்."

வீட்டுக்காரி வந்தார், அவர் பின்னால் அவருடைய மாஜோங் ஆட்டக் கூட்டம் வந்தது, வரிசை கோழிச்சோற்றுக் கடையைச் சுற்றி, மின்தூக்கியைத் தாண்டி, மீன் சந்தைக்குள் நுழைந்தது, வால் பக்கம் பொம்மை என்றார்கள், நடுவில் புது வீட்டுக்குப் பதிவு என்றார்கள், தலைப்பக்கம் வந்தவர்களோ, "இவ்ளோ நேரம் நின்னுட்டு வெறுங்கையோடயா போறது?" என்று ஆளுக்கு ஆறு பொட்டலம் கட்டச் சொன்னார்கள். சட்டிக்கு விலை பேச வந்த ஆளும் வரிசையில் நின்று, முள்ளங்கி கேக்கை வாங்கிக்கொண்டு, சட்டியை மறந்துவிட்டுப் போனார்!

எதற்கென்று தெரியாமல் ஊரே நின்றது மாமா. நிற்கவைத்தவன் நான் ஒருவன்.

தங்கள் பிஸ்கட்டுகள் நமுத்துப்போகாமல் மொறுமொறுவென்று நீடூழி வாழ்க.

தங்கள் அன்பு மருமகன்,
ஜுன் காய்
(பொருளாதார மீட்பர்)

பின்குறிப்பு: மீதியையும் எழுதினால்தான் தபால்தலை தருவேன் என்கிறார் அம்மா. எழுதுகிறேன். மதியம் ஃபிர்தவுஸைப் பேருந்து ஏற்றிவிட்டு மீன் சந்தை வழியாகத் திரும்பினேன். அங்கே பிரமாதமான ஒரு வரிசை. தலை தெரியவில்லை. கால் நின்றுவிட்டது. "என்னா குடுக்கறாங்க ஆண்ட்டி?" என்றேன். "தெரியலப்பா, சீக்கிரம் முடிஞ்சுடுமாம்" என்றார். ஒரு மணி நேரம் நின்று, கோழிச்சோற்றுக் கடையைச் சுற்றித் திரும்பினால், எதிரே கரண்டியோடு அம்மா.

"வாங்க சார். கறுப்பா, வெள்ளையா?"

இனிப்பு சோயாச் சாறு ஊற்றிய கறுப்பு என்றேன். முழு விலை வாங்கிக்கொண்டார். உட்கார எதிர் மேசைக்குப் போனால் அங்கே டிஷ்யூ பொட்டலம். யாரோ இடம் பிடித்திருக்கிறார்களே என்று மரியாதையாக நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

"டேய், அது காலையில நீ வெச்சதுடா!"

கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அம்மா சிரித்த சிரிப்பைப் போல் இந்த ஆண்டில் நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கோமாளிய ஈப்போல எவன் வெச்சுக்குவான்? நாங்க வரலைன்னு மாமாவுக்கு எழுதிடு."