வேலி தாண்டிய செட்டை

மாமியாரைப் பார்க்கப் போவதற்காக விமானம் கட்டத் துணிந்த மருமகன் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் யாழ்ப்பாணத்து வேலணையில் எனக்குப் பக்கத்து வளவில் குடியிருந்தார். இறக்கையை நாங்கள் செட்டை என்போம். ஆகவே அவர் செட்டையர்.

இங்கிலாந்தில் ஒரு விமானத் தொழிற்சாலையில் வரைபடம் கீறிவிட்டு, எண்பதுகளின் நடுவில் ஊருக்குத் திரும்பியவர். வானத்தில் எது இரைந்தாலும் குண்டுக்குப் பயந்து நாங்கள் கட்டிலுக்குக் கீழே புகுந்த காலம் அது. செட்டையர் மட்டும் முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்து, "வால் நீளம் காணாது, இன்னும் வேணும்" என்பார்.

அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கடலுக்கு அப்பால் நெடுந்தீவுக்காரி. அக்காவுக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வரும். கலியாணம் முடித்து வந்த அன்று அரை உயிராகத்தான் இறக்கினார்களாம். அதன்பின் தாயைப் பார்க்கப் போகவே இல்லை. தாய்க்கோ பார்வை மங்கிக்கொண்டு வந்தது.

"அம்மாவுக்குக் கண் தெரியேக்க ஒருக்காப் போய் முகத்தைக் காட்டோணும்" என்றார் அக்கா.

"பிளேனில கூட்டிக்கொண்டு போறன்" என்றார் செட்டையர். அவருக்கு விளையாட்டாகப் பேசத் தெரியாது.

கொண்டுவந்த சின்னக் கொம்பியூட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தி வேலையைத் தொடங்கினார். அவர் எழுதிய புரோகிராமில் எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஏற்றும் பாரத்தைச் சொன்னால் செட்டை தானாக நீளும். செட்டை நீண்டால் வால் பெருக்கும். வால் பெருத்தால் எஞ்சின் பெருக்கும். எஞ்சின் பெருத்தால் பாரம் கூடும், மறுபடி செட்டை நீளும். ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் திரையில் வேறொரு விமானம் நிற்கும்.

"இஞ்சாருங்கோ, அம்மாவுக்கு ஒரு பலாப்பழமும் கொண்டு போகோணும்" என்று குசினி அடுப்பருகில் இருந்து அக்காவின் குரல் வரும். நெடுந்தீவில் பலாவுக்கு எங்கே போவது? செட்டையர் பலாப்பழத்தையும் கணக்கில் ஏற்றுவார். விமானம் வீங்கும்.

வினை அங்கேதான் வந்தது. விமானத்தை நிறுத்த இடம் போதுமா என்று பார்ப்பதற்காகத் தன் வளவையும் அக்கம்பக்கத்தையும் அதே அளவில் திரையில் கீறி வைத்திருந்தார். ஒருநாள் பார்க்கிறேன், செட்டையின் நுனி வேலியைத் தாண்டி என் முருங்கைக்கு மேலே நிற்கிறது. நான் சண்டைக்காரன் அல்ல. ஆனாலும் வேலி வேலிதான்.

"அண்ணை, உங்கட செட்டை என்ர காணிக்குள்ள நிக்குது."

"அது ரீவியிலதானே, தம்பி."

"இண்டைக்கு ரீவியில நிக்கும். நாளைக்குக் காணி உறுதிப் பத்திரத்தில ஏறும்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. செட்டை குறைய வேண்டுமானால் பாரம் குறைய வேண்டும். பலாப்பழத்தில் கை வைக்க அக்கா விடவில்லை. கடைசியில் பாரக் கணக்கில் இருந்து தன்னையே இறக்கிவிட்டார். செட்டை வேலிக்கு உள்ளே வந்தது.

"அப்ப ஆர் ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"அதைப் பிறகு பாப்பம்" என்றார்.

அதற்கு நேரம் கிடைக்கவில்லை. தாய்க்கு நோய் கடுமை என்று நெடுந்தீவில் இருந்து ஆள் வந்தது. செட்டையர் கொம்பியூட்டரை நிறுத்தினார். அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பலாப்பழத்தை நான் தூக்கிக்கொண்டு அவர்களோடு குறிகட்டுவான் துறைக்குப் போனேன்.

வள்ளத்தில் ஏறியதும் அக்காவை நடுவில் இருத்தி, "இதிலதான் ஆட்டம் குறைவு" என்றார் செட்டையர். அந்த நடு நடுவாகவே இருப்பதற்காக, உடம்பான ஒருவரை முன்னுக்கு அனுப்பினார். அவர் முன்னுக்குப் போனதால் அரிசி மூட்டைகள் பின்னுக்குப் போயின. மூட்டைகள் போனதால் ஓர் ஆடு இடம் மாறியது. ஆடு மாறியதால் நான் பலாப்பழத்தோடு மறுபக்கம் போனேன்.

"ஐயா, வெளிக்கிடலாமோ, இன்னும் ஆரையும் மாத்தோணுமோ?" என்றார் வள்ளக்காரர்.

"ஆட்டை ஒரு சாண் பின்னால எடுத்தா வெளிக்கிடலாம்."

வழி முழுவதும் எங்கள் ஒருவரையும் அசைய விடவில்லை. அக்காவின் கையையும் விடவில்லை. அக்கா சத்தி எடுக்கவில்லை. எடுத்தவர் செட்டையர்தான். இந்த முறையும் தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தாய்க்குக் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மீதியிருந்தது. மகளைக் கிட்ட இழுத்து, நெடுநேரம் பார்த்து, "மெலிஞ்சு போனாய், பிள்ளை" என்றார். செட்டையர் வாசலுக்கு வெளியே போய் நின்று வானத்தைப் பார்த்தார். அன்று அங்கே ஒன்றும் பறக்கவில்லை.

இப்போது நான் எந்த விமானத்தில் ஏறினாலும் நடுப்பகுதியில் செட்டைக்கு மேலே உள்ள ஜன்னல் இருக்கையைத்தான் கேட்டு வாங்குகிறேன். அங்கேதான் ஆட்டம் குறைவு. ஜன்னலால் பார்த்தால் செட்டை நீளமாகக் கிடக்கிறது. கீழே யார் யாருடைய வேலியைத் தாண்டுகிறதோ தெரியாது. தாண்டட்டும், அண்ணை.